ஒரு துணைக்கால் வித்தியாசம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தைப் பட்டினி போட்டவர் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? இல்லையென்றால் தைரியமாக மேலே படியுங்கள். உங்கள் எல்லாரையும்விட மோசமாகத் தொடங்கிய ஒருவன்தான் இதை எழுதுகிறான்.

நான் ஓய்வு பெற்றபோது சக ஆசிரியர்கள் ஒரு வாழ்த்து மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 'மாணவர் மனமறிந்த மாமணியே' என்று தொடங்கும். அதை எழுதியவர் என் முதல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே இல்லை என்று சத்தியம் செய்வேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் அந்த மடலை நம்பி என்னிடம் வந்து கேட்கிறீர்கள்: "சார், ஒரு பிள்ளையை அது கும்பிடுகிற சாமியைச் சொல்லி மற்ற பிள்ளைகள் வதைக்கிறார்கள். என்ன செய்வது?" என்ன செய்வது என்பது எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. என்ன செய்யக் கூடாதோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தவன் என்கிற தகுதி மட்டும் உண்டு.

அறுபதுகளின் நடுப்பகுதி. கம்பைநல்லூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கிருந்து முக்கால் மணி நேரம் சைக்கிள் மிதித்தால் ஒரு கிராமம். அங்கே எட்டாம் வகுப்பு வரை இருந்த பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் வேலை. எனக்கு வயது இருபத்து மூன்று. சேலம் டவுனில் வளர்ந்தவன். பயிற்சிப் பள்ளியில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். எதற்காகக் கொண்டுபோனேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். தமிழும் நான்தான். பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். கிழக்கே இரண்டு மைல் தள்ளி மாதா கோயில் இருந்த சின்ன ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே கேழ்வரகு, ஒரே சோளம், அந்த வருஷம் ஒரே மாதிரி வற்றிய கிணறுகள். மாதா கோயில் ஊர்க்காரர்களை மற்றவர்கள் 'வேதக்காரங்க' என்பார்கள். அந்த வார்த்தையில் அப்போது கெட்ட அர்த்தம் எதுவும் இல்லை. கெட்ட அர்த்தத்தைச் சேர்த்த பெருமை என்னுடையது.

முதல் வாரம் வருகைப் பதிவேட்டை எடுத்து "மாரியம்மா" என்று கூப்பிட்டேன். இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி மாரியம்மா, அந்த ஊர்ப் பெண். இன்னொருத்தி மரியம்மா, மாதா கோயில் ஊர்ப் பெண். பதிவேட்டில் பெயர்கள் தெளிவாகத்தான் இருந்தன. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி பெயர்களை வாசித்ததால் இரண்டும் ஒன்றாகக் கேட்டன. மறுநாளும் இரண்டு பேரும் நின்றார்கள். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை பிறந்தது.

"இனிமே நீ ஊர் மாரியா, நீ வேத மரியா. சரியா?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. புது ஆசிரியனுக்கு வகுப்பு சிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் நம்மை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம். நான் அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

வகுப்பு லீடராகக் கோவிந்தனைப் போட்டேன். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம், ஆனால் தமிழில் முதல் மார்க் அவனுக்குத்தான். ஒற்று பிழைபடாமல் எழுதுவான். அப்பா பஞ்சாயத்து மெம்பர். பையன் சட்டை கசங்காமல் வருவான், நான் கேட்கும் முன்பே சாக்பீஸ் எடுத்து நீட்டுவான். கரும்பலகை துடைப்பதும் டஸ்டரைத் தட்டிச் சுத்தம் செய்வதும் அவன் பொறுப்பு. அவனைப் போல ஒரு பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். மரியம்மா அடிக்கடி தலையெல்லாம் வெள்ளை படிந்து வந்து உட்காருவாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"தலைக்கு எண்ணெ வெக்கிற பழக்கமெல்லாம் உங்க ஊர்ல கெடையாதா? போய்க் கழுவிட்டு வா."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் என்று நினைத்தேன். மாணவர் மனமறிந்த மாமணி அல்லவா!

அந்தக் காலத்தில் பள்ளியில் மத்தியானம் கோதுமை உப்புமாவும் பவுடர் பாலும் கொடுப்பார்கள். இரண்டும் வெளிநாட்டிலிருந்து மூட்டையில் வருபவை. மழை பொய்த்த வருஷம் என்பதால் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் அதுதான் சாப்பாடு. மரத்தடியில் வரிசையாக உட்காருவார்கள். நான் தனியாக அறையில் என் கேரியரைப் பிரித்து உட்காருவேன்.

ஒரு மத்தியானம் வெளியே பெரிய கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் கோவிந்தன் நெற்றியில் ரத்தம். எதிரில் மரியம்மா, கையில் நெளிந்துபோன அலுமினியத் தட்டு. முகமெல்லாம் உப்புமா. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டி அடிச்ச?"

அவள் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பொம்பளப் புள்ளையா நீ?"

கோவிந்தனைக் கட்டுப் போட அனுப்பினேன். மரியம்மாவை வராந்தாவுக்கு வெளியே வெயிலில் முட்டி போட வைத்தேன். விசாரணை முடிந்தது. ரத்தம் வந்தவன் நல்லவன், அடித்தவள் கெட்டவள். அரை நிமிஷத்தில் தீர்ப்பு.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு மாரியம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். துணைக்கால் உள்ளவள். பாவாடையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அவள எழுந்துக்கச் சொல்லுங்க சார்."

"எதுக்கு?"

"கோவிந்தன் தெனமும் டஸ்டரத் தட்டி சாக்பீஸ் தூள அவ தலைல கொட்டறான் சார். பால்பவுடர் பால்பவுடர்னு எல்லாப் பசங்களும் கத்தறாங்க. பால்பவுடர் வாங்கித்தான் வேதத்துல சேந்தீங்கன்னு சொல்றாங்க. இன்னிக்கு அவ கழுத்துல இருந்த கயித்தப் புடிச்சி இழுத்து அறுத்துட்டான் சார். மாதா மெடலு உப்புமாவுல வுழுந்துடுச்சி."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் சிரிச்சீங்க சார்."

எழுந்து போய் மரியம்மாவைக் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நான் நல்லவன் என்பதை ஊருக்கு நிரூபிக்க வேண்டும் என்கிற ஆத்திரம்.

தலைமையாசிரியரிடம் போனேன். பெரிய சார் என்போம். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அவர் கேட்டுவிட்டு மூக்குப்பொடியைத் தட்டினார்.

"தம்பி, சம்பந்தப்பட்ட புள்ளைங்க நாலு பேரக் கூப்புடுங்க. நாலு சொவத்துக்குள்ள பேசுங்க. கொடிக்கம்பத்துக்கிட்டப் போயிடாதீங்க."

கோழை என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில், கொடிக்கம்பத்துக்கு அடியிலேயே நின்று இருபது நிமிஷம் பேசினேன். பேச்சுப் போட்டிக் கோப்பை வீண்போகவில்லை. மதங்கள் பல, மனிதம் ஒன்று என்றேன். ஆறுகள், கடல் எல்லாம் வந்தன. முத்தாய்ப்பாகக் கையை உயர்த்தி, "பால்பவுடர் என்று யாரைக் கேலி செய்கிறீர்கள்? நீங்கள் அத்தனை பேரும் தினமும் குடிப்பது எது? அதே பால்பவுடர்தானே! அதே நாட்டிலிருந்து, அதே மூட்டையில் வருவதுதானே!" என்று கேட்டேன்.

பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். என் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் இறங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை, அதுவரை அந்தக் கேலிப் பெயரைக் கேட்டே இராதவர்களுக்கும் அன்று அது தெரிந்தது. சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "நாம குடிக்கிறது வேதக்காரங்க பாலாம், சாரே சொன்னாரு" என்றார்கள். ராத்திரிக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. அந்தப் பாலைக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக வேதத்தில் சேர்த்துவிடுவார்கள். அதற்குத்தான் சேலத்திலிருந்து ஒரு வாத்தியாரை அனுப்பியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மரத்தடியில் மாதா கோயில் ஊர்ப் பிள்ளைகளும் இன்னும் நாலைந்து சின்னஞ்சிறுசுகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் மைதானத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்டா நிறையப் பால். சமையல் செய்யும் அம்மா கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா சார் பேசித் தொலைச்சீங்க? புள்ளைங்க வவுறு காயுதே. இத்தன நாளு நான் ஒண்ணும் பேசாமத்தான் ஊத்தினேன், எல்லாம் குடிச்சுதுங்க."

அதே நாள் கோவிந்தனின் அப்பா நாலு பேரோடு வந்தார். கோபப்பட்டுக் கத்தவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய சார் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளைக்கு டி.சி. குடுத்து அனுப்பிடுங்க சார். இல்லீனா வெள்ளிக்கெழமலேருந்து எங்கூருப் புள்ளைங்க ஒண்ணும் வராது. அவ்ளோதாங்க."

பெரிய சார் வெள்ளி வரைக்கும் தவணை கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

புதன்கிழமை டிரில் பீரியடில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தான். தூக்கினேன். கோழிக் குஞ்சு கனம்கூட இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, என் கேரியரிலிருந்த சாதத்தைக் கரைத்து ஊட்டினேன். "வேதக்காரங்க சோறு இல்லியே சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தான். என் பேச்சில் வந்த ஆறு, கடல் எதுவும் அவனுக்கு நினைவில்லை. இது மட்டும் நினைவிருந்தது.

பள்ளி விட்டதும் நேரே மாதா கோயில் ஊருக்கு சைக்கிளை விட்டேன். என் திட்டம் இதுதான்: மரியம்மாவை மன்னிப்புக் கேட்க வைப்பது. அவள் கேட்டுவிட்டால் கோவிந்தனின் அப்பா சமாதானம் ஆவார், ஊர் அடங்கும், பிள்ளைகள் சாப்பிடுவார்கள், நானும் தப்பிப்பேன். கவனியுங்கள், மூன்றாவது முறையாக அந்தப் பெண்ணிடமே கணக்குத் தீர்க்கப் போகிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அவள் அப்பா வாசலில் காய்ந்த சோளத்தட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டில் போட்டு உட்கார வைத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பால்பவுடருங்களா?" என்றார். "போன வருசம் சாமியாரு ஒரு மூட்ட குடுத்தாருங்க. எங்களுக்குன்னு இல்ல, வர்றவங்களுக்கெல்லாம் குடுத்தாரு. உங்க ஊரு சனங்களுந்தான் வந்து வாங்கினாங்க. எங்க தாத்தன் காலத்துலயே நாங்க வேதங்க. அப்ப பவுடரு ஏதுங்க?"

பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மரியம்மா வந்து கதவோரமாக நின்றாள். கழுத்தில் புதுக் கயிறு, அதே மெடல்.

"சாரு சொல்றாரில்ல? கேட்டுடு. படிப்பு நின்னுபுட்டா அப்புறம் காடு கழனிதான்."

"கேக்கறேன்" என்றாள். "தட்டுல அடிச்சது தப்புதான். ரத்தம் வந்துடுச்சி. அவன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

எனக்கு உயிர் வந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"நீங்களும் கேப்பீங்களா சார்?"

"நானா? எதுக்கு?"

"வேத மரியான்னு பேரு வெச்சது நீங்கதான சார். அதுக்கு முன்னாடி யாரும் என்னிய அப்பிடிக் கூப்புட்டதில்ல. அவ மாரியம்மா, நான் மரியம்மா. ஒரு கால்தான் வித்தியாசம். நீங்க தமிழ் வாத்தியாரு. சரியா சொன்னீங்கன்னா நாங்க சரியா எழுந்து நிப்போம்."

"ஏய், பெரியவங்களப் பாத்து இன்னா பேச்சு பேசற?" என்று அப்பா அதட்டினார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பெருந்தன்மையால் அல்ல. சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்றுதான். சைக்கிளை எடுத்தேன்.

திரும்பும் வழி முழுக்க நான் அவளோடு வாதாடினேன். வாய்விட்டே பேசினேன். ஆடு ஓட்டி வந்த ஒருவர் நின்று பார்த்தார். பேர் வைத்தது தப்பா? விளையாட்டுக்குச் சொன்னதுதானே? அடையாளத்துக்குத்தானே? நானா சாக்பீஸ் தூளைக் கொட்டினேன்? பாதி வழியில் சைக்கிள் பஞ்சர் ஆனது. தள்ளிக்கொண்டு நடந்தபோது வாதம் தீர்ந்துபோய்விட்டது. நான் பெயர் வைத்தேன், அவர்கள் அதற்குப் பொருத்தமாகத் தூள் கொட்டினார்கள். ஊர் என்பது ஒரு கட்சி, வேதம் என்பது எதிர்க் கட்சி என்று அந்த வகுப்புக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை. தினமும் காலையில் பதிவேட்டைப் பிரித்து நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை வகுப்புக்குள் போனதும் பதிவேட்டைப் பிரிக்கும் முன் சொன்னேன். இருபது நிமிஷம் இல்லை. அரை நிமிஷம்கூட இருக்காது. "மரியம்மாவுக்கு நான் ஒரு பேர் வெச்சேன். அது தப்பு. தலைக்கு எண்ணெ பத்தி ஒண்ணு சொன்னேன், அதுவும் தப்பு. மரியம்மா, என்னை மன்னிச்சிடும்மா." அப்புறம் பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்தெழுத்தாக வாசித்தேன். மாரியம்மா எழுந்தாள். உட்கார்ந்தாள். மரியம்மா எழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது வகுப்புக்குள் தீர்ந்தது. மைதானத்தில் பிள்ளைகள் இன்னும் பட்டினி. மத்தியானம் நானும் ஒரு தட்டும் தம்ளரும் வாங்கிக்கொண்டு மரத்தடி வரிசையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து பார்த்தார்கள். அந்தப் பாலைப் பற்றிக் கொடிக்கம்பத்தடியில் அத்தனை முழங்கியவன் அன்றுவரை அதை வாயில் வைத்ததில்லை. ஒரு முழு தம்ளரை அண்ணாந்து குடித்தேன். கட்டி கட்டியாக, ஒரு மாதிரி வாடையோடு, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் உள்ளே போனது. வீரமாக இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கினேன்.

புதிதாக யாரும் வந்து உட்காரவில்லை. வரிசையில் ஏற்கெனவே இருந்தவர்களோடு நான் உப்புமாவை மென்றுகொண்டிருந்தேன்.

மணி அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவன் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர்தான் எங்கள் கழிப்பிடம். திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். மூன்றாவது முறை ஓடும்போது எல்லா வகுப்பிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. திரும்பும்போது, முந்தின நாள் மயங்கி விழுந்த மூன்றாம் வகுப்புப் பையன் வராந்தாவில் வழிமறித்தான்.

"சார், நீங்க இப்ப வேதத்துல சேந்துட்டீங்களா?"

"இல்லடா," என்றேன், தூணைப் பிடித்துக்கொண்டு. "வயித்தாலதான்டா போவுது."

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், அந்தப் பட்டினி வயிற்றிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்ததோ! ஒன்றிலிருந்து எட்டு வரை அத்தனை வகுப்பும் சேர்ந்து சிரித்தது. பெரிய சாரும் மூக்குப்பொடி டப்பாவால் வாயை மறைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் ஊருக்குள் போன சேதி இதுதான்: புது வாத்தியார் ரெண்டு தம்ளர் குடித்தார், மதம் மாறவில்லை, மூன்று தடவை புதருக்குப் போனார். என் இருபது நிமிஷப் பேச்சு போன வேகத்திலேயே இதுவும் போனது.

மறுநாள் மத்தியானம் பாதிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். "ஒரு தம்ளரு மட்டும் ஊத்துங்க, சாரு மாதிரி ஆயிடும்" என்று சமையல் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி வாங்கிக் குடித்தார்கள். அடுத்த வாரம் மரத்தடி நிறைந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே கோவிந்தனின் அப்பா மகனோடு வந்துவிட்டார். பெரிய சார் அறையில் மரியம்மா தட்டால் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். சொன்னபடி, தலையைக் குனியாமல் கேட்டாள். அடுத்து நான் முந்திக்கொண்டேன்.

"கோவிந்தன் மேல குத்தமில்லீங்க. ஆரம்பிச்சது நான். அந்தப் புள்ளைக்குப் பட்டப்பேரு வெச்சது நான். டி.சி. குடுக்கணும்னா எனக்குத்தான் குடுக்கணும்."

பெரிய சார் மெதுவாகச் சொன்னார்: "டி.சி. யாருக்கும் இல்லீங்க. நான் எழுத மாட்டேன்." அந்த மனிதரைக் கோழை என்று நினைத்தேன் என்று சொன்னேனே, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொள்கிறேன்.

கோவிந்தனின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்க மேல ஒரு பெட்டிசன் போட்டுக்கலாமுங்களா?"

"போடுங்க."

போட்டார். ஜூன் மாதம் பொம்மிடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு எனக்கு மாறுதல் வந்தது. அந்தப் பெட்டிசனை அதிகாரி என்னிடம் காட்டினார். அப்பா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான், கோவிந்தனின் கையெழுத்து. இரண்டு பக்கம். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. நான் கற்றுக்கொடுத்த தமிழ் பயன்பட்டதை நேரில் கண்ட முதல் சந்தர்ப்பம் அதுதான்.

இதோடு முடித்தால் நான் ஓரளவு நல்லவனாகத் தெரிவேன். சில மேடைகளில் இந்த இடத்தில் முடித்து, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நீங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டீர்கள். மிச்சத்தையும் கேட்க வேண்டும்.

எழுபதுகளில், ஏழெட்டு வருஷம் கழித்து, காரிமங்கலத்தில் சந்தை நாளன்று பஸ் ஏறினேன். கோழிக்கூடைகளுக்கும் காய்கறி மூட்டைகளுக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நெற்றியில் சின்ன வடு. கோவிந்தன்.

யாரையோ எழுப்பி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்றான். பெட்டிசனைப் பற்றி அவன் பேசுவான் என்று நான் எதிர்பார்த்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சார், அந்த வெள்ளிக்கெழம எச்.எம். ரூம்ல நான் வாயத் தொறந்தேன் சார்" என்றான்.

"எப்போ?"

"மரியம்மா மன்னிப்பு கேட்டுச்சில்ல, அப்ப. எங்கப்பா பக்கத்துல இருந்தாரு. ஆனாலும் சொல்லிடலாம்னுதான் வந்தேன். ராத்திரியெல்லாம் யோசிச்சி வெச்சிருந்தேன். நீங்க அதுக்குள்ள, கோவிந்தன் மேல குத்தமில்லன்னுட்டீங்க. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எனக்குச் சொல்லறதுக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கல சார்."

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் வருசம் பூரா அதே கிளாஸ்ல ஒக்காந்திருந்தோம். ஒரு வார்த்த பேச முடியல. குத்தமே இல்லன்னு வாத்தியாரே சொல்லிட்ட பிறகு, எதுக்குன்னு போயி மன்னிப்பு கேக்கறது?" சில்லறைப் பையை ஒருமுறை குலுக்கினான். "கயித்த அறுத்தது நான்தான சார். நீங்க இல்லியே."

இறங்கும் இடம் வந்தும் நான் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பெயர் என்னுடைய தப்பு, அது சரி. ஆனால் அவன் தப்பு அவனுடையது. அதையும் அள்ளிக்கொண்டு நான் பெரிய மனிதன் ஆகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் முன்னால் அவ்வளவு தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்த பிள்ளையின் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கிக்கொண்டுவிட்டேன்.

"மரியம்மா எங்க சார் இருக்குது?"

"நர்சு வேலை பாக்குறாளாம். எந்த ஊர்னு அவங்க அப்பாவுக்குத் தெரியும்."

அடுத்த சந்தை நாள் அதே பஸ்ஸுக்கு வரச் சொன்னான். போனேன். ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தான். மேலே 'மரியம்மா அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அதை நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் ஊருக்குக் கொண்டுபோனேன். அவள் அப்பா அப்போதும் அதே இடத்தில் சோளத்தட்டோடுதான் இருந்தார், தலை மட்டும் நரைத்திருந்தது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சார் குடுத்தது? இன்னா எழுதியிருக்குது?"

"கோவிந்தன் குடுத்தான். என்ன எழுதியிருக்குன்னு தெரியாதுங்க. மரியம்மா லீவுல வந்தா குடுங்க. படிக்கறதும் படிக்காததும் அவ இஷ்டம்."

அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கோவிந்தன் டிக்கெட் கொடுப்பான், ஊர்ச் சேதி பேசுவான். மரியம்மாவையும் ஒருமுறை அரூர் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் நன்றாக இருந்தாள், என் சர்க்கரை வியாதிக்கு நாலு வார்த்தை கண்டித்துப் பேசினாள். பதில் எழுதினாளா, அவனுக்கு அது வந்ததா என்று இரண்டு பேரிடமும் கேட்க ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.